சீட்டு வலி

"இன்னும் கொஞ்சம் இங்குட்டு," என்றார் அழகுசுந்தரம், இடது தோளைக் காட்டி.

நாகஜோதி தைலப் புட்டியைக் காரின் கூரைமேல் வைத்துவிட்டு, அவர் காட்டிய இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். சட்டையைக் கழற்றச் சோம்பல்பட்டு, காலரை மட்டும் பின்னுக்கு இழுத்து விட்டுக்கொண்டு, திறந்த கதவுப் பக்கம் கால்களைத் தொங்கப்போட்டபடி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்திருந்தார் அவர். பிள்ளையார்பட்டிக்கு ஒரு சவாரி. வெளியூர்க் குடும்பம் ஒன்று லாட்ஜ் வாசலில் காத்திருந்தது.

"என்ன வலி இது, போன வாரத்துலேர்ந்து சொல்றீக?"

"சீட்டு வலிதான். வேறென்ன?"

காரைக்குடி கார் ஸ்டாண்டில் அது ஒரு வியாதியின் பெயர். இடுப்பு பிடித்தாலும் சீட்டு வலி, கழுத்து திரும்பாவிட்டாலும் சீட்டு வலி, முழங்காலில் குத்தினாலும் தோள் கடுத்தாலும் அதே. வைத்தியமும் எல்லாருக்கும் ஒன்றுதான். துண்டை மடித்து முதுகுக்குக் கொடுக்க வேண்டும், படுக்கும்போது தைலம் தேய்க்க வேண்டும். அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போனான் என்று ஒருவனைப் பற்றிப் பேச்சு வந்தால், அவனை ஸ்டாண்டில் ஒரு மாதம் கேலி செய்து தீர்த்துவிடுவார்கள்.

அழகுசுந்தரம் துண்டை மடித்து முதுகுக்குப் பின்னால் செருகிக்கொண்டார். மத்தியானத்துக்கு ரசமும் அப்பளமும் போதும் என்றார். தைலப் புட்டி கூரைமேல் இருப்பதை மறந்து வண்டியை நகர்த்த, அவள் ஓடி வந்து எடுத்துக்கொண்டாள். அதைப் பார்த்துச் சிரித்தபடியே தெருமுனையில் திரும்பினார்.

கோயிலுக்குள் போன குடும்பம் தரிசனம் முடித்து வந்தபோது, கார் நிற்கும் இடத்தில் அவர் சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தார். பாவம், அசந்து தூங்குகிறார் என்று எழுப்ப மனமில்லாமல், அவர்கள் கடைகளைப் பார்த்துக்கொண்டு வெளியிலேயே நின்றார்கள். பிள்ளைகள் வெயில் தாங்காமல் சிணுங்க ஆரம்பித்த பிறகுதான் அந்த வீட்டு அம்மாள் கண்ணாடியைத் தட்டினார்.

மாரடைப்பு என்றார்கள். தோளில் வந்து வந்து போனதும் அதுதான் என்றார்கள்.

காரியங்கள் முடிந்து வீடு வெறிச்சோடிய பின், நாகஜோதி கார்ச் சாவியை ஆணியிலிருந்து எடுத்தாள். அவளுக்கு ஓட்டத் தெரியும். வருஷக்கணக்காக அவருடன் இடதுபக்க முன்சீட்டில் உட்கார்ந்து போய் வந்தவள். ஆள் குட்டை என்பதால் அந்தச் சீட்டை முன்னால் இழுக்க முடிந்த மட்டும் இழுத்து வைத்திருப்பாள். "இன்னும் இழு, டேஷ்போர்டுக்குள்ள போயிருவ," என்பார் அவர். கடலையை உடைத்து அவர் கையில் கொடுத்துக்கொண்டே ரோட்டைப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் நான் ஓட்டட்டுமா என்று கேட்டாள். குன்றக்குடி ரோட்டில் அவர் சொல்லிக்கொடுத்தார். லைசென்ஸும் எடுத்துக் கொடுத்தார். மகள் சத்தியப்பிரியா கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் பழக்கம் நாகஜோதிக்கு இல்லை.

முதல் நாள் வண்டியில் ஏறி, சாய்ந்து கிடந்த சீட்டு முதுகை நிமிர்த்தினாள். வேறு எதையும் தொடவில்லை. அழகுசுந்தரம் நெடுநெடுவென்று ஆறடி உயரம். அவர் கால் நீளத்துக்குத் தள்ளியிருந்த சீட்டு அங்கேயே இருந்தது. அவள் அதன் விளிம்புக்கு வந்து உட்கார்ந்தாள். கிளச்சை மிதிக்க இடுப்பையே நகர்த்தினாள். சீட்டை முன்னால் இழுக்கும் கம்பி கைக்கெட்டும் இடத்தில்தான் இருந்தது. கை அங்கே போகும், திரும்பி வந்துவிடும்.

சில மாதங்களில் வலது இடுப்பு பிடித்துக்கொண்டது. பிறகு முதுகின் அடி. பிறகு இரண்டு தோளும் கழுத்தும். வண்டியை விட்டு இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, உடம்பு நிமிர ஒத்துக்கொள்ளும்வரை அப்படியே நிற்க வேண்டியிருந்தது. கணவர் செய்ததைப் போலவே துண்டை மடித்து வைத்தாள். தைலம் தேய்த்தாள். தோளில் தேய்க்கும்போது கை நின்று போனது.

ஒரு நாள் அப்படிக் கதவைப் பிடித்து நின்றவளைக் கொழுந்தன் பாண்டிமுருகன் பார்த்துவிட்டான். பேருந்து நிலையத்துப் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன், அண்ணனைப் போலவே உயரம். கடையிலிருந்து நேரே ஓடி வந்தான்.

"மதினி, என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்லப்பா. சீட்டு வலி."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவன் முகம் வெளுத்துப்போனது. தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"அண்ணன் சொன்ன அதே வார்த்தை. அந்தச் சீட்டுல உக்காந்துதான் அவரு போனாரு. அடுத்து நீங்களா? ஏறுங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம். நான் ஓட்டுறேன்."

நெஞ்சில் ஒயரைப் பொருத்தி ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். இருதயத்தில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டரம்மா. பாண்டிமுருகன் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டான். டாக்டரம்மா நாகஜோதியிடம் கேட்டார்: "இறங்கி நடந்தா வலி குறையுதா?"

"குறையுது."

"அப்ப உக்கார்ற விதத்துலதான் கோளாறு. ஆனா ஒண்ணு. இறங்கி நடந்தும் போகாத வலி, மூச்சு முட்டி வேர்த்துக் கொட்டுற வலி, இதுக்கெல்லாம் சீட்டு மேல பழி போட்டுக்கிட்டு இருக்காதீங்க. அந்த நிமிஷமே வந்துரணும்."

நாகஜோதி தலையாட்டினாள். அந்தக் கேள்வியை வேறொருவரிடம் யாராவது கேட்டிருக்கலாம் என்று நினைத்தாள்.

வெளியே வந்ததும் பாண்டிமுருகன் ஆரம்பித்தான். "நெஞ்சு சரி. இடுப்பு? இப்புடியே போனா நாளைக்குப் படுத்த படுக்கையாயிருவீக. வண்டிக்கு நான் ஒரு டிரைவரைப் போடுறேன். நீங்க வீட்டுல இருங்க."

"நான் ஓட்டுவேன்."

"சத்தியப்பிரியா என்கிட்ட போன்ல அழுவுது மதினி. அப்பாவும் போயிட்டாரு, அம்மாவையும் அந்த வண்டி தின்னுருமா சித்தப்பான்னு கேக்குது. நான் என்ன சொல்றது?"

மகள் தன்னிடம் அழாமல் சித்தப்பாவிடம் அழுதிருக்கிறாள். சற்று நடந்துவிட்டுச் சொன்னாள்: "உமையாள் ஆச்சி வீட்டுல வெளிநாட்டுலேர்ந்து ஆளு வருது. நகரத்தாரோட ஒன்பது கோயிலும் ஒரே நாள்ல பாக்கணுமாம். வண்டி நம்மதுதான். நீயும் கூட வா. சாயங்காலம் கடைசிக் கோயில்ல நான் கதவைப் பிடிக்காம இறங்கி நிமிந்து நின்னா, நீ இதைப் பத்தி வாயே திறக்கக் கூடாது. சத்தியாகிட்டயும் நீயே சொல்லணும்."

"நிக்க முடியலைன்னா?"

"சாவி உனக்கு."

சொல்லிவிட்டாளே ஒழிய, எப்படி நிற்கப் போகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. கோயிலுக்குக் கோயில் ஏறி இறங்க வேண்டும், காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை ஓட்டம். இப்போதோ மதுரை போய் வந்தாலே இடுப்பு கழன்றது.

அடுத்து வந்த மதுரைச் சவாரியும் உமையாள் ஆச்சியுடையதுதான். ஐம்பதைத் தாண்டிய, கீழச்சிவல்பட்டி வீட்டைத் தனியாளாக நிர்வகிக்கிற பெண்மணி. வாய் சும்மா இராது. கண் டாக்டரைப் பார்க்கப் போன அன்று, திருப்பத்தூர் தாண்டும்வரை பின்சீட்டிலிருந்து பொறுத்துப் பார்த்தவர் அதற்குமேல் முடியாமல் கேட்டுவிட்டார்.

"ஏண்டி ஜோதி, முள்ளு மேல உக்காந்திருக்கியா? நீ நெளியுற நெளிப்புல எனக்கு இடுப்பு வலிக்குது."

"சீட்டு கொஞ்சம் ஒத்துக்கிடல ஆச்சி."

மேலூரில் டீக்கு நிறுத்தியபோது ஆச்சி இறங்கவில்லை என்று நினைத்தாள். ஆச்சியோ ஓசைப்படாமல் இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, பக்கத்திலிருந்து செல்போனில் ஒரு படம் எடுத்தார். ஜன்னல் வழியாக நீட்டினார்.

"இந்தா, நீ உக்காந்திருக்கிற லட்சணத்தைப் பாரு."

நாகஜோதி பார்த்தாள். பெரிய சீட்டு. அதன் முனையில் ஒரு பெண். முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு பிள்ளை உட்காரலாம். கைகள் இரண்டும் விறைத்து நீண்டு, கழுத்து கோழிபோல் முன்னால் போய், வலது பக்கமாக உடம்பு சரிந்து கிடந்தது. தான்தான் அது என்று நம்ப அவளுக்குச் சற்று நேரமாயிற்று.

"புருஷன் செருப்பைப் போட்டுக்கிட்டு நடக்கிற மாதிரி ஓட்டுற," என்றார் ஆச்சி. குரல் கொஞ்சம் இறங்கியது. "அழகுசுந்தரம் கால் நீளம் அவருக்கு. உன் கால் நீளத்துக்கு நீ இழுத்துப் போட்டா அவரு கோவிச்சுக்கவா போறாரு? இருந்தப்பவே அந்த மனுஷன் யாருகிட்டயும் கோவிச்சதில்ல."

நாகஜோதி போனைத் திருப்பிக் கொடுத்தாள். அங்கேயே, மேலூர் டீக்கடை வாசலில், கம்பியைப் பிடித்து இழுத்தாள். சீட்டு அசையவில்லை. பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். அவள் ஓட்டப் பழகிய காலத்துக்குப் பிறகு பல வருஷமாக ஒரே இடத்தில் நின்ற சீட்டு, அடியிலுள்ள தண்டவாளத்தோடு துருப்பிடித்து ஒட்டிப்போயிருந்தது.

இதுவரை தொடவே தயங்கியவளுக்கு, அது நகர மறுத்ததும் ரோஷம் வந்துவிட்டது.

மறுநாள் காலை, கழனிவாசல் பகுதியில் இருக்கும் பீர் முகம்மதுவின் கார் குஷன் கடை முன்னால் வண்டியை நிறுத்தினாள். அழகுசுந்தரமும் அவரும் ஒரே பெஞ்சில் டீ குடித்துப் பழகியவர்கள்.

"என்ன தங்கச்சி, கவர் மாத்தணுமா?"

"கவர் இல்ல பாய். சீட்டையே கழட்டணும். தண்டவாளம் துரு. என்னால இழுக்க முடியல. இடுப்பு வலது பக்கம் இறங்குது, அதையும் பாருங்க."

பீர் முகம்மது கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்தார். ஸ்பானரை எடுக்கவில்லை.

"கழட்டுங்க பாய்," என்றாள்.

சீட்டு வெளியே வந்தது. அடியில் ஒரு சீப்பு, கோயில் விபூதிப் பொட்டலங்கள், வண்டி வாங்கிய நாளில் வைத்துக் காய்ந்துபோன எலுமிச்சம்பழம். கவரை உரித்ததும் ஸ்பாஞ்சு தெரிந்தது. வலது பக்கம் ஒரு பள்ளம், கையை வைத்தால் புதையும் அளவுக்கு.

"பாத்தியா, பாத்தியா!" என்று பீர் முகம்மது அதைத் தட்டினார். "பின்பாக்கெட்டுல பர்ஸை வச்சு வச்சே உக்காந்தா இப்புடித்தான். எடுத்து டேஷ்போர்டுல போடுய்யான்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். காசு இருக்காது, ஆனா பர்ஸு செங்கல் மாதிரி இருக்கும். பூராம் சாமி படமும் அடுத்தவன் விசிட்டிங் கார்டும்."

நாகஜோதி சிரித்துவிட்டாள். பல நாளைக்குப் பிறகு அவரைப் பற்றி யாரோ திட்டிக் கேட்டது நன்றாக இருந்தது.

பீர் முகம்மது குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணு செய்யலாம். இதை அப்புடியே விட்டுட்டு மேல ஒரு தட்டு புது ஸ்பாஞ்சு ஒட்டித் தாரேன். அடியில அண்ணன் உக்காந்தது அப்புடியே இருக்கும். என்ன சொல்றே?"

அவள் பள்ளத்தில் உள்ளங்கையை வைத்தாள். அழுத்தி, எடுத்தாள். ஸ்பாஞ்சு மேலே வரவில்லை. அவர் எழுந்து போன இடம் அப்படியே கிடந்தது.

"கொஞ்ச நாள் கழிச்சு புது ஸ்பாஞ்சுலயும் இந்தப் பள்ளம் விழுமா, விழாதா?"

"பொய் சொல்லப்படாது. விழும்."

"அப்ப வேணாம். முழுசும் புதுசு போடுங்க."

அன்று முழுவதும் அவள் அங்கேயே இருந்தாள். தண்டவாளத்துத் துருவைச் சுரண்டி எண்ணெய் விட்டு, சீட்டு முன்னும் பின்னும் வழுக்கிக்கொண்டு போகும்வரை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். புது ஸ்பாஞ்சைப் பொருத்தியதும் அவள் ஏறி உட்கார்ந்தாள். கிளச்சைத் தரை வரை மிதித்தபோதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கும்படி சீட்டை முன்னால் இழுத்தாள். முதுகை நிமிர்த்தினாள். தோளைச் சீட்டிலிருந்து எடுக்காமலே கையை நீட்ட, மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியைத் தொட்டது. ரோடு சரியாகத் தெரியவில்லை என்று அடியில் இன்னும் ஒரு தட்டு கேட்டாள். பீர் முகம்மது வைத்தார். கூடிவிட்டது என்று கழற்றச் சொன்னாள். கழற்றிப் பாதி வெட்டி வைத்தார். பிறகு, ஆச்சி எடுத்ததைப் போலப் பக்கத்திலிருந்து ஒரு படம் எடுக்கச் சொன்னாள்.

"கல்யாணப் பொண்ணுக்குக்கூட இத்தனை தடவை அளவு பாத்ததில்லம்மா," என்று அலுத்துக்கொண்டே எடுத்தார்.

படத்தில் முதுகும் சீட்டும் ஒட்டியிருந்தன. கழுத்து அதன் இடத்தில் இருந்தது.

பழைய ஸ்பாஞ்சை என்ன செய்வது என்று அவர் கேட்டார். கடைப் பூனை அதற்குள் பள்ளத்தைக் கண்டுபிடித்துச் சுருண்டு படுத்திருந்தது.

"அதுக்குச் சரியா இருக்கு. இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

ஒன்பது கோயில் போகும் நாள் வந்தது. விடிந்ததும் கீழச்சிவல்பட்டியில் உமையாள் ஆச்சியும் வெளிநாட்டிலிருந்து வந்த அவர் தங்கை வீட்டாரும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். பாண்டிமுருகனுக்கு இடதுபக்க முன்சீட்டுதான். ஏறி உட்கார்ந்ததும் அவன் முழங்கால் இரண்டும் டேஷ்போர்டில் இடித்தன.

"இது என்ன மதினி, இவ்ளோ முன்னால இருக்கு?" என்று கம்பியைத் தேடிக் குனிந்தான்.

"அதைத் தொடாதே."

"கால் நீட்ட முடியல."

"அது அங்கயே இருக்கட்டும்."

குரலில் என்ன இருந்ததோ, அவன் கையை எடுத்துக்கொண்டான்.

இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று வண்டி ஓடியது. ஒவ்வொரு கோயில் வாசலிலும் அவள் இறங்கினாள். அவர்கள் உள்ளே போய் வரும்வரை சீட்டில் சாய்ந்து கண்ணை மூடும் பழக்கத்தை விட்டு, மதிலோரமாக நடந்தாள். கைகளைப் பின்னால் கட்டித் தோளை விரித்தாள். கிழக்குக் கோபுர நிழலில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்கினாள். வேலங்குடியில் பூ விற்கிறவள், "யாரைத் தேடுறீக?" என்று கேட்டாள்.

"என் இடுப்பை," என்றாள் நாகஜோதி.

மத்தியானத்துக்குமேல் வலி வரத்தான் செய்தது. புது ஸ்பாஞ்சு மந்திரம் போட்டதல்ல. இடுப்பின் அடியில் மெல்லக் கடுத்தது, இடது தோளிலும் கொஞ்சம். தோளில் உணர்ந்ததும் ஸ்டியரிங்கைப் பிடித்த கை இறுகியது. சூரக்குடிக்குத் திரும்பும் இடத்தில் ஓரமாக நிறுத்தி இறங்கினாள்.

"என்னாச்சு?" என்று பாண்டிமுருகன் பதறினான்.

அவள் நடந்தாள். ஒரு புளியமரம்வரை போய், திரும்பி வந்தாள். மூச்சை இழுத்து விட்டாள். தோளைச் சுற்றினாள். கடுப்பு கரைந்தது, தண்ணீரில் போட்ட உப்பு போல.

"ஒண்ணுமில்ல. இது சீட்டு வலிதான்," என்றாள். இந்த முறை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

கடைசிக் கோயில் பிள்ளையார்பட்டி. ஊர் நெருங்கும்போது பாண்டிமுருகன் மெதுவாகச் சொன்னான்: "மதினி, இங்கேர்ந்து நான் ஓட்டுறேன். வீம்புக்குச் சொல்லல. அந்த இடத்துல நீங்க போய் நிறுத்த வேணாம். பந்தயம் கிந்தயம் எல்லாம் விடுங்க."

"உக்காருப்பா," என்றாள்.

அவர் இறந்த பின் பிள்ளையார்பட்டிச் சவாரி வந்தால் அவள் கோயிலுக்கு முன்னாலேயே இறக்கிவிட்டு, தள்ளிப் போய் ரோட்டோரம் நின்றுவிடுவாள். இன்று நேராக, கார்கள் நிற்கும் இடத்துக்குள்ளேயே விட்டாள். இரண்டு வண்டிகளுக்கு நடுவில் ஒரு இடம் காலியாக இருந்தது. கண்ணாடியைப் பார்த்துப் பின்னால் எடுத்துச் செருகினாள். என்ஜினை நிறுத்தினாள். கதவைத் திறந்தாள்.

இரண்டு காலையும் சேர்த்து வெளியே வைத்தாள். கை மடியில் இருந்தது. எழுந்தாள். உடம்பு முனகியது, ஆனால் வந்தது. கதவைத் தொடாமல் நின்றாள்.

அந்தப் பக்கம் ஒரு சத்தம். பாண்டிமுருகன் இறங்க முயன்று, முழங்கால் மாட்டி, ஒரு கையால் கதவையும் மறு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு பாதி குனிந்தபடி நின்றிருந்தான்.

"ஐயோ அம்மா," என்றான்.

உமையாள் ஆச்சிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்னப்பா முருகா, சாவி யாருக்கு? காலையிலேர்ந்து ஒரு தடவையாச்சும் இறங்கி நடந்தியா? சட்டமா உக்காந்து மதினியையே முறைச்சுக்கிட்டு வந்தே."

"அந்தச் சீட்டைப் பின்னால தள்ள விட்டாத்தானே ஆச்சி!"

"நட," என்றாள் நாகஜோதி. "அந்த மரம்வரை போயிட்டு வா. சரியாயிரும். சரியாகலைன்னா சொல்லு, நேரா ஆஸ்பத்திரிதான்."

அவன் நொண்டி நொண்டிப் போனான். திரும்பி வரும்போது நிமிர்ந்துவிட்டான். வந்தவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். சற்றுத் தள்ளி நின்று பேசினான். "ஆமா சத்தியா... பிள்ளையார்பட்டியில... இல்லத்தா, உங்கம்மா நல்லா நிக்கிது. எனக்குத்தான் இடுப்பு போச்சு." அந்த முனையில் மகள் சிரிப்பது இவளுக்குக் கேட்டது.

எல்லாரும் கோயிலுக்குள் போனார்கள். நாகஜோதி போகவில்லை. வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தாள், இன்னொரு முறை நடந்தாள். அழகுசுந்தரம் படுத்திருந்த நாளில் அந்தக் குடும்பம் நின்றிருக்கக்கூடிய கடைப்பக்கம் போய், ஒரு பொட்டலம் கடலை வாங்கிக்கொண்டு வந்தாள்.

இப்போது அவள் தினமும் ஸ்டாண்டில் நிற்கிறாள். யாராவது சீட்டு வலி என்று வாயெடுத்தால் விடுவதில்லை. போன மாதம் மருது என்ற டிரைவர் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான்.

"இறங்கி நடந்தியா?"

"நடந்தேன்க்கா. போகல."

"வேர்க்குதா?"

"வெயிலுக்கு வேர்க்காம என்ன செய்யும்?"

அவள் பின்கதவைத் திறந்தாள். "ஏறு." கேலி செய்தவர்களைப் பார்த்து, "இதுல சிரிக்கிறவனையும் அடுத்து ஏத்திக்கிட்டுப் போவேன்," என்றாள். இருதயத்தில்தான் கோளாறு என்று மருதுவை அன்றைக்கே ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். இப்போது அவன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, பாதிச் சவாரி ஓட்டுகிறான்.

காரில் ஓட்டுநர் சீட்டின் ஸ்பாஞ்சு புதியது. அது நிற்கும் இடம் அவளுடையது. மூன்று கண்ணாடிகளும் அவள் கண்ணுக்குத் திரும்பியிருக்கின்றன. இடதுபக்க முன்சீட்டு மட்டும், இழுக்க முடிந்த மட்டும் இழுத்து, டேஷ்போர்டை ஒட்டி முன்னால் நிற்கிறது.